பாயைக் குறுக்கும் பொறி

பாய் விரித்துச் செல்லும் படகைக் கரையில் நின்று காண்போர், காற்றைப் பிடிப்பதே கடலோடியின் கலை என்று எண்ணுவர். கடலோடியைக் கேட்டாலோ அவன் வேறு விதமாகச் சொல்வான். காற்றைப் பிடிப்பது சிறுவனுக்கும் விரைவிற் கைவரும். வேண்டாத காற்றை உரிய வேளையில் விட்டுவிடுவதே கற்றற்கு அரியது என்பான். இவ்வாரம் அந்த அரிய கலைக்குத் துணையாக அமைந்த ஒரு சிறு பொறியைப் பற்றிப் பேச எண்ணுகிறேன்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. என்னிடம் பௌதிகம் பயின்ற மாணாக்கர் ஒருவர் இப்பொழுது இங்கிலாந்தின் தென்கரையில் வாழ்கிறார். பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். விடுமுறை நாட்களில் மனைவியையும் எட்டு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு கடலிற் செல்வது அவர் வழக்கம். அவர் எழுதியதாவது: “ஐயா, காற்று மிகும்போது நான் சுக்கானை மனைவியிடம் கொடுத்துவிட்டு, முன்பாயை இறக்கப் படகின் முன்முனைக்குத் தவழ்ந்து செல்கிறேன். நான் திரும்பி வரும்வரை மகள் கண்ணிமையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் இருந்தபடியே பாயைச் சுருட்டும் பொறிகள் இங்கே பலவிதமாக விற்கின்றன. எதனை வாங்குவது? வாங்கத்தான் வேண்டுமா?”

இரண்டு வினாக்களுள் பின்னையதே பெரியது. எனினும் இரண்டிற்கும் விடை காண நமக்கு வேண்டியது பள்ளிக்கூடத்துப் பௌதிகமும் சிறிது பொறுமையுமே. ஆகையால், அவருக்கு எழுதிய விடையை நம் வாசகர்களும் மாணவர்களும் படித்துப் பயன்கொள்ளுமாறு இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஏன் குறுக்கவேண்டும்?

காற்று இரு மடங்கு வேகமாக வீசினால் பாயின்மேல் உண்டாகும் விசையும் இரு மடங்காகும் என்று பலரும் நினைப்பர். அது தவறு. அவ்விசை வேகத்தின் வர்க்கத்திற்கு விகிதசமமானது. மணிக்கு 10 கடல்மைல் வேகத்தில் வீசும் காற்று 20 கடல்மைல் ஆனால், விசை இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். 30 ஆனால் ஒன்பது மடங்காகும்.

பிரித்தானியக் கடற்படையைச் சேர்ந்த பிரான்சிஸ் போபர்ட் என்பார் 1805ஆம் ஆண்டில் வகுத்த காற்றளவை இன்றும் மாலுமிகள் எடுத்தாளுவது. அவ்வளவையில் நான்காம் நிலை என்பது மணிக்கு 11 முதல் 16 கடல்மைல். சிறு படகுக்கு அது இன்பமான காற்று. ஆறாம் நிலை என்பது 22 முதல் 27 கடல்மைல். படிகள் இரண்டே ஏறியிருக்கின்றன. ஆனால் 14 கடல்மைலிலிருந்து 24 கடல்மைலுக்கு உயர்ந்த காற்று, பாயை ஏறத்தாழ மூன்று மடங்கு விசையோடு தள்ளுகிறது. உல்லாசப் பயணம் போராட்டமாக மாறுவதற்கு ஒரு மணி நேரம் போதும்.

விசை மிகுந்தால் படகு பக்கமாகச் சாய்கிறது. சாய்ந்த படகு சுக்கானுக்குக் கட்டுப்படுவதில்லை. பாய் கிழியலாம், கம்பிகள் அறலாம். காற்றைக் குறைக்க நம்மால் இயலாது. பாயின் பரப்பைக் குறைக்க மட்டுமே இயலும். இதனையே பாய் குறுக்குதல் என்கிறோம்.

முன்முனைக்குச் செல்லும் வழி

சிறு படகில் பெரும்பாலும் இரண்டு பாய்கள் இருக்கும். பாய்மரத்தின் பின்னே நிற்பது பெரும்பாய். பாய்மர உச்சியிலிருந்து படகின் முன்முனைக்கு, அஃதாவது அணியத்துக்கு, இழுத்துக் கட்டிய கம்பியின்மேல் நிற்பது முன்பாய். அக்கம்பியை முன்கம்பி என்போம். பழைய முறையில், முன்பாயின் விளிம்பிலுள்ள சிறு கொளுவிகள் அக்கம்பியைப் பற்றியிருக்கும். காற்று மிகுந்தால் ஒருவர் அணியத்துக்குப் போய்ப் பெரிய முன்பாயை இறக்கி, கொளுவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சிறிய பாயைப் பூட்டி ஏற்றவேண்டும்.

நம் மாணாக்கரின் படகு கொன்டெசா 26 என்னும் வகையைச் சேர்ந்தது. லிமிங்டன் என்னும் ஊரில் 1966இல் கட்டத் தொடங்கிய இவ்வகைப் படகு 25 அடி 6 அங்குல நீளமும் ஏழரை அடி அகலமும் உடையது. உருவத்திற் சிறிதாயினும் உறுதியிற் பெரிது. தானியா ஏபி என்னும் அமெரிக்கப் பெண் 1985இல், தமது 18ஆம் வயதில், இத்தகைய படகொன்றில் நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி 1987இல் மீண்டார்.

ஆனால் இத்தகைய படகின் அணியம் ஒடுக்கமானது. அலை எதிர்ப்படும்போதெல்லாம் அது முதலில் மேலே எழும். பின்பு நீருள் தாழும். அங்கே மண்டியிட்டு இருப்பவனுக்கு ஒரு கை பாய்க்கு வேண்டும். ஒரு கை தன் உயிருக்கு வேண்டும். மூன்றாவது கை எவருக்கும் இல்லை.

பழக்கமில்லாதவர்க்கே இவ்விடர் என்று கருதுவாரும் உளர். பிரான்சு நாட்டு எரிக் தபார்லியை அறிந்தவர் அவ்வாறு கருதார். அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே கடக்கும் பந்தயத்தில் 1964இலும் 1976இலும் வெற்றி கண்டவர் அவர். 1998 யூன் மாதத்தில் ஓரிரவு, வேல்ஸ் கரைக்கு அப்பால், நூறாண்டு நிரம்பிய தமது பென் தூயிக் என்னும் கலத்தில் பாயைக் குறைக்கும் வேலை நடந்தபோது, பாயின் மேற்சட்டம் மோதி அவர் கடலில் வீழ்ந்தார். தோழர்கள் உடன் இருந்தும் அவரை மீட்க இயலவில்லை. அங்கே குறைத்தது பெரும்பாய். இங்கே நாம் பேசுவது முன்பாய். ஆயினும் பாய் குறுக்கும் அந்தச் சில நிமிடங்களே கடற்பயணத்தில் மிகவும் இடரானவை என்பதை இது காட்டுகிறது. ஆகவே, கணவன் சுக்கானருகிலேயே இருந்து பாயைக் குறுக்க வழியுண்டா என்று ஒரு குடும்பம் ஆராய்வதைச் சோம்பல் என்று எள்ளுதல் தகாது.

சுருட்டுதல் வேறு, குறுக்குதல் வேறு

கயிற்றை இழுத்துப் பாயை உருட்டிச் சுருக்கும் எண்ணம் புதியதன்று. 1850ஆம் ஆண்டளவில் கனிங்காம் என்னும் ஆங்கிலேயர், பெருங்கப்பலின் குறுக்குச் சட்டத்தையே சுழலச் செய்து, மாலுமிகள் மேலே ஏறாமலே பாயைச் சுருட்டும் முறையை அமைத்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்கம் மார்ட்டின் என்பாரின் பொறி சிறு படகுகளின் முன்பாய்க்கு வந்தது. கீழே ஓர் உருளை, மேலே ஒரு சுழலி, இடையே பாயின் விளிம்பிற் கோத்த கம்பி. இவ்வளவே அதன் அமைப்பு. உருளையிற் சுற்றிய கயிற்றை இழுத்தால் பாய் தன் கம்பியைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். எளிமையும் அழகும் வாய்ந்த பொறி அது.

ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. முழுதும் விரிக்கலாம், முழுதும் சுருட்டலாம், பாதியில் நிறுத்த இயலாது. காரணம் யாது? நாம் உறங்கி எழுந்து பாயைச் சுருட்டும் முறையை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஓரங்களையும் இரு கைகளாலும் பற்றிச் சுருட்டினால் பாய் நேராகச் சுருளும். ஓர் ஓரத்தை மட்டும் முறுக்கினால் மற்ற ஓரம் பின்தங்கிக் கோணும். படகுப் பாயிலும் அதுவே நிகழ்கிறது. கீழே உருளை சுழல்கிறது. வளையும் கம்பி அம்முறுக்கத்தை மேலே முழுமையாகக் கொண்டு செல்வதில்லை. கீழ்ப்பகுதி சுருண்டிருக்க, மேற்பகுதி காற்றில் விரிந்தே நிற்கும்.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முக்கோணமாக வெட்டிய மெல்லிய துணியின் ஓரத்தை ஒரு நூலிலே தைத்து, நூலை நிறுத்திப் பிடித்துக் கீழ்முனையை முறுக்குங்கள். பின்பு அதே துணியை ஓர் ஈர்க்குக் குச்சியில் தைத்து முறுக்குங்கள். நூலுக்கும் ஈர்க்குக்கும் உள்ள வேறுபாடே பழைய பொறிக்கும் இன்றைய பொறிக்கும் உள்ள வேறுபாடு. இன்றைய பொறியில் முன்கம்பியின்மேல் அலுமினியத்தாலான நீண்ட உறைக்குழல் பொருந்தியிருக்கிறது. அதன் பள்ளத்துள் பாயின் விளிம்பு செருகப்படுகிறது. உருளை சுழன்றால் குழல் அடிமுதல் முடிவரை ஒன்றாகச் சுழலும். அதனாற் பாயைப் பாதியளவில் நிறுத்தியும் பயணம் செய்யலாம்.

எனவே கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, “இது பாயைச் சுருட்டும் பொறியா, குறுக்கும் பொறியா?” என்பதே. இரண்டும் பார்வைக்கு ஒத்திருக்கும். விலையில் முன்னையது குறைவாகவும் இருக்கும். குடும்பத்தோடு கடலிற் செல்பவருக்கு வேண்டியது பின்னையது.

தெரிந்தெடுக்கும் முறை

அமெரிக்காவின் ஹார்க்கன், சுவீடனின் பேர்லெக்ஸ், பிரான்சின் புரோபேர்ல் முதலிய பொறிகள் உலகெங்கும் வழங்குவன. பெயரைவிட அளவு முக்கியம். விளம்பரத்தில் “26 அடிப் படகுக்கு” என்றிருப்பதை மட்டும் நம்பலாகாது. முன்கம்பியின் நீளம், தடிப்பு, அதனைப் பூட்டும் ஆணியின் குறுக்களவு, பாயின் பரப்பு ஆகியவற்றை அளந்து, செய்தோரின் அட்டவணையோடு ஒப்பிடவேண்டும். இரண்டு அளவுகளுக்கு இடைப்பட்டதாயின் பெரியதையே கொள்க.

அடுத்தது உருளை. இங்கே திருப்புதிறன் பற்றிய பாடம் நினைவுக்கு வரவேண்டும். கயிற்றை இழுக்கும் விசையை உருளையின் ஆரையாற் பெருக்கினால் கிடைப்பதே பாயைச் சுழற்றும் திறன். பாய் சுருளச் சுருள அதன் சுருள் பருக்கிறது. உருளையிலுள்ள கயிறோ குறைந்து மெலிகிறது. ஆகையால் வேலை முடியும் தறுவாயிலேதான் இழுப்பு மிகவும் கடினமாகும். பெரிய உருளை இதனை இலகுவாக்கும். மேலும், வன்காற்றில் பாய் இறுகச் சுருளும். இறுகச் சுருண்டால் சுற்றுக்கள் மிகும். அமைதியான நாளில் எண்ணிவைத்த சுற்றுக்கள் புயல் நாளிற் போதா. பாய் முழுதும் சுருண்ட பின்பும் உருளையிற் சில சுற்றுக்கள் எஞ்சியிருக்குமாறு கயிறு வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, மேலேயுள்ள சுழலி. இப்பொறிகளிற் காணும் தொல்லைகளுள் மிகுதியானது இங்கேதான் பிறக்கிறது. சுழலியின் மேற்பாதி ஏற்றுக்கயிற்றோடு அசையாது நிற்கவேண்டும். கீழ்ப்பாதி பாயோடு சுழலவேண்டும். ஏற்றுக்கயிறு உறைக்குழலை ஒட்டி அதற்குச் சமாந்தரமாகச் சென்றால், உராய்வினால் மேற்பாதியும் சேர்ந்து சுழன்று, கயிறு குழலைச் சுற்றிக்கொள்ளும். பாய் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. அவ்வேளையில் வின்ச்சிலே கயிற்றைச் சுற்றி வலிந்து இழுப்பவர் குழலை முறிப்பர். முன்கம்பியையே சிதைக்கவும் கூடும். முன்கம்பி அற்றால் பாய்மரம் வீழும். ஆகையால் ஏற்றுக்கயிறு குழலிலிருந்து விலகிச் சிறிது சாய்வாகப் பாய்மரத்தை நோக்கிச் செல்லவேண்டும். அக்கோணம் எவ்வளவு என்பதைச் செய்தோர் தத்தம் கைந்நூலிற் குறித்திருப்பர். சிலர் அதற்கெனத் தனி உறுப்பையும் வைத்திருக்கின்றனர். பாய் குட்டையாயின், அதன் தலைக்கும் சுழலிக்கும் இடையே ஒரு துண்டுக் கம்பியை இணைத்துச் சுழலியை உரிய உயரத்திற்குக் கொண்டுவரலாம். இழுக்கக் கடினமானால் கயிற்றை விட்டுவிட்டு முதலில் மேலே நோக்குக என்பது இப்பொறியை உடையோர் மறவாதிருக்கவேண்டிய விதி.

நான்காவது, சுழலுமிடத்துக் குண்டுகள். நம் சைக்கிளின் அச்சில் உள்ளவை போன்றவையே இவை. கடலுப்பு அவற்றின் பகை. ஹார்க்கன் முறையில் குண்டுகள் வலிய பிளாஸ்டிக்கால் ஆனவை, திறந்திருக்கும், நன்னீரால் அடிக்கடி கழுவவேண்டும். புரோபேர்ல் முறையில் அவை எண்ணெய்ப்பசையிட்டு மூடப்பட்டிருக்கும். எது சிறந்தது என்று வாதிடுவதிலும், தாம் எதனைத் தவறாது பேணுவார் என்று தம்மையே கேட்டுக்கொள்வது நன்று.

ஐந்தாவது, பாய். பொறிக்கு ஆயிரம் பார்த்துப் பாயை மறப்போர் பலர். பாய் தட்டையான துணியன்று. நடுவிலே குழிவு உடையது. விளிம்பிலிருந்து சுருட்டும்போது அக்குழிவு நடுவே எஞ்சி, வன்காற்றில் வேண்டாத தொந்தியாக நிற்கும். இதனைத் தடுக்க விளிம்பின் நடுப்பகுதியில் மெத்தை போன்ற பஞ்சுப்பட்டை ஒன்றைத் தைப்பர். அது நடுவே அதிகத் துணியைச் சுற்றி உட்கொள்ளும். அப்பொழுதும், பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கும்வரையே பாய் நல்லுருவத்தோடு வேலை செய்யும். அதற்கு மேலும் குறைக்கலாம். காற்றை எதிர்த்து முன்னேறும் ஆற்றல் இராது. ஆகையால் மிகப் பெரிய முன்பாய் ஒன்றை வாங்கி அதனையே எல்லாக் காலத்துக்கும் பயன்படுத்த நினைத்தல் பிழை. நடுத்தரமான பாயே தக்கது. சுருட்டியபோது வெளியே தெரியும் ஓரத்தில் வெயிலைத் தாங்கும் துணிப்பட்டையும் வேண்டும். இன்றேல் சூரியன் பாயைத் தின்றுவிடும்.

மறுபக்கம்

இனிப் பெரிய வினாவுக்கு வருவோம். வாங்கத்தான் வேண்டுமா?

கொளுவியிட்ட பழைய பாயின் பக்கத்தில் ஒரு வலிய நியாயம் உண்டு. ஏற்றுக்கயிற்றை விட்டால் அது தன் பாரத்தாலேயே கீழே வரும். விழுவதற்குப் பொறி வேண்டியதில்லை. அதன் கீழ்நோக்கி இழுக்கும் கயிறொன்றைத் தலையிற் கட்டிப் பின்னே கொண்டுவந்தால், சுக்கானருகில் இருந்தே அதனை இறக்கவும் செய்யலாம். செலவோ மிகச் சொற்பம். சுருட்டிய பாயோ இறங்குவதில்லை. கம்பியின்மேலேயே உயர்ந்து நின்று காற்றை வாங்கிக்கொண்டிருக்கும். சுருட்டுக்கயிறு தேய்ந்து அறுமாயின், புயலின் நடுவே பாய் முழுதும் விரிந்து விடும். அதற்கு மேற்பட்ட இடர் வேறில்லை. உறைக்குழலின் உள்ளே மறைந்திருக்கும் முன்கம்பியின் பழுதையும் கண்ணாற் காண முடியாது.

முன்பாயே வேண்டாம் என்று துணிந்தவரும் உளர். 1960இல் பிளிமத்திலிருந்து நியூயோர்க்குக்கு ஐவர் தனித்தனியே ஓடிய முதற் பந்தயத்தில், ஹாஸ்லர் என்பார் ஜெஸ்டர் என்னும் 25 அடிப் படகிற் சென்றார். நம் கொன்டெசாவுக்கு மூதாதையான போக்போட் என்னும் படகின் உடலே அதன் உடல். அதில் அவர் சீனத்து முறையிலமைந்த ஒரே பாயை நிறுவி, கயிற்றை விட்டால் அது தானே மடிந்து இறங்குமாறு செய்தார். படகின் நடுவிலுள்ள துவாரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் நடத்தி 48 நாட்களில் இரண்டாவதாக வந்தார். 40 நாட்களில் முதல்வராக வந்தவர் பிரான்சிஸ் சிசெஸ்டர்.

நம்மவர் வரலாற்றிலும் ஒன்றை இங்கே நினைக்கலாம். வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்ற புதுப்பெயரோடு, 1938இல் அமெரிக்காவின் கிளஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதனைச் செலுத்தியவர்கள் வல்வை மாலுமிகள். அங்கே பாயைக் குறுக்கியவை அவர்களுடைய கைகளே. ஆனால் ஒன்றை மறத்தலாகாது: அங்கே கைகள் பல இருந்தன. நம் மாணாக்கரின் படகிலோ வலிய கைகள் நான்கு. அவற்றுள் இரண்டு எப்பொழுதும் சுக்கானில்.

ஆதலின் என் முடிபு இது. தனியே செல்லும் இளைஞனாயின், கொளுவிப் பாயும் இறக்குகயிறும் போதும் என்பேன்; மிஞ்சிய பணத்துக்கு ஒரு நல்ல சிறிய பாய் வாங்கலாம். மனைவியும் குழந்தையும் உடன்வரும் படகுக்கோ பொறி வேண்டும். அதன் விலை உண்மையில் தந்தை சுக்கானருகிலேயே இருப்பதற்குக் கொடுக்கும் விலை. குறுக்கும் வகையையே வாங்குக. பெரிய அளவையே தேர்க. பூட்டும்போது முன்கம்பியையும் புதிதாக்குக. சுருட்டுக்கயிற்றைப் பருவந்தோறும் மாற்றத் தயங்காதிருக்க. அமைதியான ஒரு நாளில், பொறி பழுதுபட்டதாக வைத்துக்கொண்டு, பாயை முழுதும் விரித்துக் கையால் இறக்கும் பழக்கத்தைக் கணவனும் மனைவியும் இருவருமே செய்து பார்க்க. பொறி வந்ததும் பழைய அறிவைக் கைவிடுவோர், பொறி நின்றதும் இரண்டையும் இழந்தவராவர்.

இறுதியாக ஒன்று. எப்பொழுது குறுக்கவேண்டும் என்பதைச் சொல்லும் பொறி எதுவும் இல்லை. “குறுக்கலாமோ?” என்ற ஐயம் முதன்முதல் மனத்தில் எழும் நேரமே குறுக்கவேண்டிய நேரம் என்பது கடலோடிகளின் பொதுவான துணிபு. அவ்வேளையில் ஒரு சிறுமியும் கயிற்றை இழுக்கலாம். அரைமணி நேரம் கழிந்தால் இரண்டு ஆடவருக்கும் அது அரிதாகும். வேகத்தின் வர்க்கம் என்று நாம் கரும்பலகையில் எழுதும் அந்தச் சிறு இரண்டின் பொருள், கடலிலே இதுதான்.